தெரிவு யாருடையது? சிற்றலை வானொலியிலிருந்து இணைய இணைப்பு வரை

கொழும்பிலோ சென்னையிலோ வாழும் ஒருவர் வீட்டுக்குத் தொலைக்காட்சி இணைப்பும் இணைய இணைப்பும் பெற விரும்பினால், நிறுவனங்களின் கட்டணப் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். எத்தனை அலைவரிசைகள், மாதத்துக்கு எவ்வளவு டேட்டா, எத்தனை ரூபாய் என்பனவே அவருடைய கேள்விகள். களுவாஞ்சிக்குடியில் வாழ்பவரும் இன்று ஏறக்குறைய அதே பட்டியல்களைத்தான் பார்க்கிறார். ஆனால் அந்தப் பட்டியல் அவருடைய கைக்கு வந்து சேர்ந்த வரலாறு முற்றிலும் வேறானது. ஒரு குடும்பம் தனக்குரிய சேவையைத் தெரிவு செய்வதற்கு முன்னரே வேறு பலர் அதற்காகத் தெரிவு செய்து முடித்துவிடுகின்றனர் என்பதையே அந்த வரலாறு காட்டுகிறது.

களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மண்முனை தெற்கு எருவில்பற்றுப் பிரதேச செயலகமும் ஆதார வைத்தியசாலையும் இங்கேதான் அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலம். வாவிக்கு இப்பால் எழுவான்கரை, அப்பால் படுவான்கரை. அயலில் உள்ள குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குச் செல்ல வேண்டியவர்கள் நீண்டகாலமாகப் ‘பாதை’ என்று அழைக்கப்படும் படகிலேயே வாவியைக் கடந்தனர். இந்த நில அமைப்பை மனத்திற் கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும்.

குமிழைத் திருப்பிய காலம்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பில் முறையாக ஆரம்பமானது. இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியக் கட்டளையகம் கொழும்பிலிருந்து நடத்திய வானொலியின் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி பின்னர் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ உருவானது. அதன் தமிழ்ச் சேவையும் வர்த்தக சேவையும் தமிழ்நாடெங்கும் கேட்கப்பட்டமை யாவரும் அறிந்ததே.

அக்காலத்திலேயே கொழும்பு நகரத்தவருக்குக் கம்பி வழியாகவும் வானொலி கிடைத்தது. ‘ரெடிபியூஷன்’ என்ற அச்சேவையில் மாதச் சந்தா செலுத்தினால் வீட்டிலோ தேநீர்க்கடையிலோ ஒரு பெட்டியைப் பொருத்துவார்கள். அலைவரிசை தேடும் வேலை இல்லை, கரகரப்பும் இல்லை. நிறுவனம் எதனை அனுப்புகிறதோ அதனைக் கேட்கலாம். பிற்காலக் கேபிள் தொலைக்காட்சியின் முன்னோடி என்று அதனைத் தயங்காமற் கூறலாம்.

மட்டக்களப்பின் கரையோரக் கிராமங்களுக்குக் கம்பி வரவில்லை. அங்கிருந்தது சிற்றலைப் பெட்டிதான். தபாற் கந்தோரில் வானொலி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டால் மற்றெல்லாம் குமிழைத் திருப்பும் விரலின் பொறுப்பு. கொழும்பு, திருச்சி, சென்னை, மணிலாவின் வெரித்தாஸ், இலண்டனின் பி.பி.சி. என எதனையும் பிடிக்கலாம். 1941 இல் ஆரம்பித்த பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். போர்க்காலத்தில் எங்கள் மக்கள் எந்த நிகழ்ச்சியைத் தவறவிட்டாலும் அதனைத் தவறவிடவில்லை.

இதில் ஒரு நுட்பமான உண்மை உண்டு. சிற்றலையில் ஒலிபரப்புவோனுக்கும் கேட்போனுக்கும் நடுவே, கேட்போனின் ஊரில், வேறெவரும் இல்லை. இணைப்பைத் துண்டிக்கக்கூடிய நிறுவனமும் இல்லை. அந்நிறுவனத்துக்கு உத்தரவிடக்கூடிய அதிகாரியும் இல்லை. இணையம் பின்னாளில் தரப்போவதாகக் கூறிய சுதந்திரத்தை, தெளிவற்ற ஒலியோடும் இரைச்சலோடும், அந்தப் பெட்டி ஏற்கெனவே தந்திருந்தது.

தென்மேற்கு நோக்கிய அன்டெனா

தொலைக்காட்சி வந்தபோது நிலைமை மாறியது. 1979 ஏப்ரலில் தனியாரால் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட சுயாதீன தொலைக்காட்சியை அதே ஆண்டு ஜூனில் அரசு பொறுப்பேற்றது. 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ஜப்பானின் நன்கொடையோடு ரூபவாஹினி ஆரம்பமானது. அதன் பிரதான ஒலிபரப்பிகளில் ஒன்று நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையில் அமைந்தது. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. எனவே யார் எதனைப் பார்க்கலாம் என்பதை மலையும் தூரமும் தீர்மானித்தன.

எழுவான்கரையில் அன்டெனாவைத் தென்மேற்கே, வாவிக்கு மேலாக மலைநாட்டை நோக்கித் திருப்ப வேண்டும். இரும்புக் குழாயை எவ்வளவு உயரமாக நிறுத்தினாலும் கிடைத்தவை கொழும்பின் நிகழ்ச்சிகளே. அவற்றுள் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சொற்பம். யாழ்ப்பாணத்தில் அன்டெனாக்கள் கடலைக் கடந்து தமிழ்நாட்டை நோக்கின. கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூரதர்ஷன் ஒளிபரப்பு கடற்பரப்பின்மீது வழுக்கிக்கொண்டு குடாநாட்டை எட்டியது. மட்டக்களப்புக் கரையோ கொடைக்கானலிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே ஒரே மொழி பேசும் இரு பிரதேசங்களின் தொலைக்காட்சி அனுபவம் எண்பதுகளில் இருவேறாக அமைந்தது. இதில் மக்களின் விருப்பம் எங்கும் கேட்கப்படவில்லை.

போரும் மின்சாரமும்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் தெரிவு என்ற சொல்லே பொருளிழந்தது. வாவி ஒரு எல்லையாகியது. எழுவான்கரையின் பிரதான வீதி படையினரின் கட்டுப்பாட்டிலும் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரமே இல்லை. உலர் மின்கலங்கள் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்த காலமும் உண்டு. மின்கலம் இல்லையேல் வானொலியும் இல்லை. ஜெனரேட்டரும் தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வாடகைக்கு எடுத்து இரவோடிரவாக மூன்று படங்கள் பார்ப்பதே பல ஊர்களுக்குத் தெரிந்த தொலைக்காட்சி.

நான் பத்திரிகையிற் பணியாற்றிய ஆண்டுகளில் கிழக்கிலிருந்து செய்தி வந்து சேர்ந்த விதத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். நிருபர் எழுதி முடித்த செய்தியை நகரத்துக்கு எடுத்துச் சென்று, இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்து, தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார். மறுமுனையில் நாங்கள் எழுதிக்கொள்வோம். இடையில் தொடர்பு அறுந்தால் பாதிச் செய்தியே அச்சேறும். பெக்ஸ் இயந்திரம் உள்ள கடை கிடைத்த நாள் நல்ல நாள். தொலைபேசிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த நாடு இது. அதிலும் போர்ப் பிரதேசத்தின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவை ‘கொமியூனிகேசன்’ என்று அழைக்கப்பட்ட சிறு கடைகள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயிடமிருந்தோ கனடாவில் உள்ள அண்ணனிடமிருந்தோ அழைப்பு வரும் நேரத்தை அறிந்து, குடும்பமே கடை வாசலில் உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோக உரிமை 2002 ஆகஸ்டில் முடிவுற்று, 2003 இல் பல நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கப்பட்ட பின்னரே அந்த அழைப்பின் விலை இறங்கியது. கொழும்பில் இது வர்த்தகச் செய்தி. களுவாஞ்சிக்குடியில் இது தாயும் பிள்ளையும் எத்தனை நிமிடம் பேசலாம் என்ற கேள்வி.

டிஷ்ஷும் கேபிளும்

1993 ஏப்ரல் 14 ஆம் திகதி சன் தொலைக்காட்சி ஆரம்பமானது. செய்மதி அலைக்கு மலை தடையன்று, தூரமும் தடையன்று. சென்னையில் விழும் அலை எங்கள் கரையிலும் விழுந்தது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இடையே நிலம் உண்டாக்கிய வேறுபாட்டை வானம் நீக்கியது. ஆனால் பெரிய டிஷ் வாங்க வசதி வேண்டும். எனவே ஒருவர் டிஷ் வாங்கி அயல் வீடுகளுக்குக் கம்பி இழுக்கும் வழக்கம் தமிழர் வாழும் எல்லா நகரங்களிலும் போல இங்கும் எழுந்தது. 1998 இல் சக்தி தொலைக்காட்சி வந்தபோது உள்நாட்டிலும் தமிழுக்கென ஒரு தனி அலைவரிசை கிடைத்தது. 2009 இல் அரச தரப்பில் வசந்தம் தொலைக்காட்சி வந்தது.

எமது வீடுகளில் ஓடிய அலைவரிசைகளின் தலைவிதி சென்னையில் எழுதப்பட்டது என்பதால் அந்நகரின் கேபிள் வரலாற்றையும் சிறிது பார்க்க வேண்டும். பெருநகரத்தில் தெரிவு தாராளமாக இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் சென்னையில் ஒரு தெருவுக்குப் பெரும்பாலும் ஒரு கேபிள்காரரே இருந்தார். அவருடைய எல்லைக்குள் மற்றவர் வருவதில்லை. அவருக்கு அலைவரிசைகளை வழங்கிய பெருநிறுவனங்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2003 செப்டெம்பர் 1 ஆம் திகதி, கட்டண அலைவரிசைகளைச் செட்டொப் பெட்டி மூலம் மட்டும் பார்க்கும் முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியப் பெருநகரங்களில் அதனை முதலில் நடைமுறைப்படுத்தியது சென்னையே. விரும்பியதற்கு மட்டும் பணம் செலுத்தலாம் என்பது அதன் நோக்கம். பெட்டியின் விலையைக் கேட்ட பலர் கட்டண அலைவரிசைகளையே கைவிட்டனர். 2007 இல் ஆளும் கட்சிக் குடும்பத்துக்குள் பிளவு ஏற்பட்டபோது கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. அரசு கேபிள் நிறுவனமும் பிறந்தது. பிளவு ஆறியதும் அந்த அரசு நிறுவனம் உறங்கியது. 2011 இல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய் சந்தாவோடு எழுந்தது. சந்தாக்காரரின் தெரிவு இவற்றுள் எங்கே என்று தேடிப்பார்க்க வேண்டியுள்ளது.

இலங்கையில் வீட்டுக்கு நேரடியாக வரும் செய்மதித் தொலைக்காட்சியை 2007 இல் டயலொக் பெருமளவில் விற்கத் தொடங்கியது. முந்திய ஆண்டின் இறுதியில் வேறொரு செய்மதி நிறுவனத்தை அது வாங்கியிருந்தது. 2008 இல் ரெலிகொம்மின் ‘பியோ டிவி’ தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. இவற்றோடு கூடவே, இந்திய நிறுவனங்களின் பெட்டிகளும் கடல் கடந்து வந்து கூரைகளில் ஏறின. அந்நிறுவனங்களின் அனுமதிப்பத்திரம் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. செய்மதியின் வீச்சு எல்லை பார்ப்பதில்லை. அனுமதிப்பத்திரமோ எல்லையில் நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியிலேயே ரீசார்ஜ் கடைகள் பிழைத்தன. பெட்டி பழுதானால் முறையிட ஓர் இடமில்லாத நுகர்வோர் கூட்டமும் இவ்வாறே உருவானது. மலிவும் தமிழும் ஒருங்கே கிடைத்தமையால் மக்கள் அதனைத் தெரிந்தெடுத்தனர். சட்டத்துக்குட்பட்ட சேவை அவ்விரண்டையும் போதியளவு தந்திருந்தால் கதை வேறாக அமைந்திருக்கும்.

ஐந்து மூன்றான கதை

இணையத்தின் வரலாறு கொழும்பில் 1995 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு வர்த்தக இணையச் சேவை ஆரம்பமாயிற்று. 1996 இல் சண்டெல், லங்கா பெல் ஆகிய கம்பியில்லாத் தொலைபேசி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 1997 இல் ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. 2003 இல் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு வந்தது. இவை யாவும் முதலில் கொழும்புக்கே உரியவையாக இருந்தன. 2002 பெப்ரவரி 22 ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே வடக்கிலும் கிழக்கிலும் கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்கள் பரவலாக எழுந்தன.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எங்கள் கரையோரக் கிராமங்களை அழித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் சி.டி.எம்.ஏ. எனப்படும், சுவரிலிருந்து கம்பி வராத மேசைத் தொலைபேசிகள் வீடுகளை அடைந்தன. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் தொலைபேசி. ‘நெனசல’ என்ற பெயரில் அரசு அமைத்த அறிவகங்களில் பல மாணவர்கள் முதன்முதலாகக் கணினியைத் தொட்டனர். 2006 இல் மூன்றாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. 2007 இல் படுவான்கரை படையினர் வசமான பின்னர் அங்குள்ள கிராமங்களுக்கு மின்சாரம் படிப்படியாகச் சென்றது. 2013 இல் நான்காம் தலைமுறை வந்தபின், கம்பி வராத வீட்டிலும் ஒரு ரவுட்டரைச் சன்னலோரம் வைத்தால் இணையம் கிடைக்கும் நிலை உண்டாயிற்று.

2009 ஜனவரியில் எயார்டெல் வந்தபோது நாட்டில் ஐந்து கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. கடும் போட்டியால் கட்டணம் சரிந்தது. உண்மையான தெரிவு ஒன்று எங்கள் ஊர்களுக்கு முதன்முதலாக வந்த காலம் அதுவே. ஒரே தொலைபேசியில் இரண்டு சிம், ஒன்று பேச, ஒன்று டேட்டாவுக்கு எனப் பாமர மக்களும் கணக்குப் பார்த்து நடந்துகொண்டனர். 2010 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அழைப்புகளுக்கு அடிமட்டக் கட்டணத்தை விதித்தது. நிறுவனங்கள் நட்டத்தில் மூழ்காதிருக்க அது அவசியம் எனக் கூறப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கத் தொடங்கின. 2012 இல் சண்டெல் டயலொக்குடன் இணைந்தது. 2018 இல் எடிசலாட்டும் ஹட்ச்சும் இணைந்தன. 2024 இல் எயார்டெல்லும் டயலொக்குடன் இணைந்தது. ஐந்து மூன்றாயிற்று.

மூன்று நிறுவனங்களும் தனித்தனியே தீர்மானிக்கின்றன என்று கருதுவோர் 2022 செப்டெம்பர் 5 ஆம் திகதியை நினைவுகூரலாம். பொருளாதார நெருக்கடியின் நடுவே ஆணைக்குழுவின் அனுமதியோடு தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதமும் கட்டணத் தொலைக்காட்சி 25 சதவீதமும் அன்று உயர்ந்தன. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் உயர்வு ஒன்றே. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்துள்ளது. ஆனால் அதன் சாதனத்தின் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிய தொகை. கச்சான் பயிரிடுபவரும் வாவியில் வலை வீசுபவரும் அதனைத் தமது தெரிவுகளுள் ஒன்றாகக் கொள்ளவியலாது.

எல்லா வீடுகளுக்கும் ஒரே கதவு

கட்டணத்தைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. மட்டக்களப்பு மண்ணின் பத்திரிகையாளரான தராக்கி சிவராம் ஆசிரியராக இருந்து வளர்த்த தமிழ்நெற் இணையத்தளம், அவர் 2005 ஏப்ரலில் கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகளின் பின், 2007 ஜூனில் இலங்கையில் முடக்கப்பட்டது. இணைய வழங்குநர்கள் அனைவரும் அதனை மறைத்தனர். ஒருவரை விட்டு மற்றவரிடம் மாறி அதனைப் படிக்க வழியில்லை. 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்பட நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. சீயோன் தேவாலயத்தில் தம் பிள்ளைகளைத் தேடிய உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைத்தபோது அவ்வழி அடைபட்டிருந்தது. வதந்தியைத் தடுப்பதற்கென்று அரசு கூறிய காரணத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் வதந்தியோடு உண்மையும் அடைபட்டது.

சிற்றலை வானொலிக்கும் இணையத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் துலங்குகிறது. இன்று தெரிவுகள் எண்ணிக்கையிற் பெருகியுள்ளன. ஆனால் அவை அனைத்தும் ஒரு கதவின் வழியாகவே வருகின்றன. பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017 இல் நின்றுவிட்டது. எல்லா நிறுவனங்களையும் ஒரே உத்தரவு கட்டுப்படுத்தும்போது நிறுவனங்களுக்கிடையிலான தெரிவு விலைத் தெரிவாக மட்டுமே எஞ்சுகிறது.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. வான் அலைகள் பொதுச் சொத்து என்று இந்திய உயர் நீதிமன்றம் 1995 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்க அரசு கொண்டுவந்த சட்டமூலத்தை இலங்கை உயர் நீதிமன்றம் 1997 மே மாதத்தில் ஆராய்ந்தது. அரசின் பிடிக்குள் இருக்கும் அத்தகைய சபை கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என அது தீர்மானித்தது. கட்டுப்படுத்துபவர் சுயாதீனமானவராக இருக்க வேண்டும் என்பதே அத்தீர்மானத்தின் சாரம். அன்று முதல் இன்று வரை ஆட்சிக்கு வந்த எவரும் அவ்வாறான ஒரு சபையை அமைக்கவில்லை. அனுமதிப்பத்திரம் எவருக்கு, எந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது என்பதைப் பொதுமக்கள் அறிய வேண்டும். கட்டண உயர்வு பற்றிய கருத்துக் கேட்பு களுவாஞ்சிக்குடியிலும் தமிழில் நடைபெற வேண்டும். முடக்க உத்தரவு எழுத்தில், காரணத்தோடும் கால எல்லையோடும் வெளியிடப்பட வேண்டும். நீதிமன்றத்தில் அதனைக் கேள்விக்குட்படுத்தவும் இயல வேண்டும்.

இணைப்பு எடுக்க எண்ணுபவர்களுக்கு என்னிடமுள்ள ஆலோசனை சிறிது. விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், அயல் வீட்டாரிடம் மாலை ஏழு மணிக்கு வேகம் எப்படி என்று கேளுங்கள். பிரதான வீதியோர வீட்டுக்குப் பொருந்துவது வாவிக்கரை வீட்டுக்குப் பொருந்தாது. இரண்டு சிம்களை ஒரே நிறுவனத்தில் எடுக்காதீர்கள். அத்துடன் மின்கலத்தில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்திருங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் நாட்டின் பல பகுதிகளில் தொலைத்தொடர்பு அறுந்து, உறவினரின் நிலை அறியாது மக்கள் தவித்தனர். கரையோரத்தில் வாழ்பவனுக்குச் செய்தி கிடைப்பதும் கிடைக்காததும் சில வேளைகளில் உயிர் பற்றிய விடயமாகிவிடும். அதனை விலைப்பட்டியலோடு மட்டும் விட்டுவிடுவது நியாயமாகாது.